வடிகட்டிய பிறகும் நஞ்சு: பாக்டீரியா உதிர்க்கும் நுண்குமிழ்கள் நோய்க்கு எவ்வாறு துணைபோகின்றன?

குறிஞ்சிமலர்:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை நுண்ணுயிரியல் இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். பாடநூல்களில் தேடி அலுத்துவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவை இரவு முழுவதும் திரவ ஊடகத்தில் வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிக் கிருமிகளை அடியில் படியவைத்து, மேலே நின்ற தெளிநீரை 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்தினேன். வடிநீரை அகார் தட்டில் பரப்பி இரண்டு நாள் வைத்தும் ஒரு காலனிகூட எழவில்லை. ஆகவே அதில் உயிருள்ள கிருமி இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வடிநீரில் சில மைக்ரோலிட்டரை எலியின் மேக்ரோஃபேஜ் செல்கள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள்) மேல் சேர்த்தபோது, கிருமியையே சேர்த்த குழிகளுக்கு ஏறக்குறைய ஈடாக டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதம் சுரந்தது. மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், கணிசமான செல்கள் ஊதிப் பெருத்து, தட்டின் மேல் இருந்த பிடியை விட்டு மிதந்துகொண்டிருந்தன.

வழிகாட்டிப் பேராசிரியர், "எண்டோடாக்சின்தான், வேறென்ன" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்; கிருமியின் மேலுறையிலேயே அமைந்த நச்சுப்பொருளைச் சொல்கிறார். உடன் படிக்கும் தோழி ஒருத்தி, பாக்டீரியா தன் மேலுறையிலிருந்து வெசிக்கிள் எனப்படும் நுண்குமிழ்களை உதிர்க்கும் என்றும், அவை வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும் என்றும் சொல்கிறாள். அது உண்மையானால், கிருமி இவற்றை வேண்டுமென்றே அனுப்புகிறதா, அல்லது செத்த கிருமியின் உடைசல்களா? தனித்து மிதக்கும் நச்சுக்கும் குமிழுக்குள் அடைபட்ட நச்சுக்கும் நோயைப் பொறுத்தவரை என்ன வேறுபாடு? எல்லாவற்றுக்கும் மேலாக, இவை சோதனைக் குழாய்க்கு வெளியே, ஒரு மனிதரின் உடலில் நோயை உண்டாக்குவதில் பங்கெடுக்கின்றன என்பதற்குச் சான்று ஏதேனும் உண்டா?

பெட்ரிதட்டு:

உங்கள் வடிகட்டியில் பழுது எதுவும் இல்லை. ஈ. கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரான், அதாவது 2000 நானோமீட்டர். அது உதிர்க்கும் நுண்குமிழ்களோ பெரும்பாலும் 20 முதல் 250 நானோமீட்டர் விட்டத்துக்குள் அடங்குபவை. 220 நானோமீட்டர்த் துளை கொண்ட வடிகட்டியில் நெல் நின்றுவிட்டது, தவிடு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். கிருமி நீக்கப்பட்ட வடிநீர் என்றால் கிருமியின் பொருள்கள் நீக்கப்பட்ட வடிநீர் என்று பொருளல்ல என்பதை நம் துறையில் பலர் பல ஆண்டுகளாக மறந்தே வேலை பார்த்திருக்கிறார்கள்.

முதலில் குமிழ் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் உங்கள் முதல் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. அவற்றுக்கிடையே மெல்லிய பெப்டிடோகிளைக்கன் சுவர் ஒன்று இருக்கிறது. வெளிச்சவ்வைச் சுவரோடு தைத்து வைத்திருப்பவை சில புரதங்கள். தையல் விட்ட இடத்தில் வெளிச்சவ்வு மட்டும் வெளியே புடைத்து, கழுத்து குறுகி, உருண்டையாகக் கிள்ளப்பட்டுப் பிரிகிறது. அந்த உருண்டையின் வெளித்தோல் முழுவதும் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது உங்கள் பேராசிரியர் சொன்ன அதே எண்டோடாக்சின்; உள்ளே இரு சவ்வுகளுக்கிடையே இருந்த நீர்மமும் அதில் கரைந்திருந்த நொதிகளும் நச்சுப் புரதங்களும் சிறைப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் பேராசிரியர் சொன்னது தவறல்ல, பாதி உண்மை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1960களின் நடுவிலேயே, லைசின் பற்றாக்குறையில் வளர்ந்த ஈ. கோலை இத்தகைய துகள்களை வெளியிடுவது பதிவாகிவிட்டது. 1967-இல் சட்டர்ஜி, தாஸ் என்னும் இரு இந்திய ஆய்வாளர்கள் காலராக் கிருமியின் செல்சுவர்ப் பொருள் இவ்வாறு வெளியேறுவதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு எழுதினார்கள். ஆனாலும் நெடுங்காலம் இதை ஆய்வக வளர்ப்பின் கோளாறு என்றே பலர் ஒதுக்கிவைத்தார்கள்.

ஆயுதமா குப்பையா என்றால், இரண்டும்தான். 2016-இல் வெளியான இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது புரியும். ஒன்றில், வெளிச்சவ்வின் மேலடுக்கில் தேங்கும் பாஸ்போலிப்பிடுகளை உள்ளே திருப்பி எடுக்கும் ஒரு கடத்தி அமைப்பை முடக்கினால் குமிழ் உதிர்வது பெருகுகிறது என்று காட்டினார்கள். இரும்புச்சத்து குறையும்போது கிருமி தானாகவே அந்த அமைப்பின் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. நம் உடல் டிரான்ஸ்ஃபெரின், லாக்டோஃபெரின் போன்ற புரதங்களால் இரும்பைக் கட்டி மறைத்து வைக்கும் இடம். எனவே குழாயில் வளரும் கிருமியைவிட உடலுக்குள் நுழைந்த கிருமி மிகுதியாகக் குமிழ் உதிர்க்கும் என்று எதிர்பார்க்கலாம். மற்றோர் ஆய்வு, நுரையீரலில் தொற்றும் சூடோமோனாஸ் என்னும் கிருமியைப் பற்றியது. அதில் சில செல்கள் திடீரென உருண்டையாகி, சில நொடிகளில் வெடித்துச் சிதறுகின்றன; சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு ஒட்டிக்கொண்டு குமிழ்களாகின்றன. அவை உடைசல்கள்தாம். ஆனால் அந்த வெடிப்பைத் தூண்டும் நொதிக்கான மரபணு கிருமியிடமே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தனி நச்சு உடல் நீர்மத்தில் கலந்ததும் நீர்த்துப்போகும், புரதம் சிதைக்கும் நொதிகளுக்கு இரையாகும், எதிர்ப்பொருள்கள் ஒட்டிச் செயலிழக்கும். குமிழுக்குள் இருந்தால் அந்தப் பயணத்தை முழுதாகக் கடக்கிறது. சேருமிடத்தில் ஒன்றிரண்டு மூலக்கூறாக இல்லாமல் மூட்டையாக இறங்குகிறது. பயணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ. கோலை வகையின் வெப்பத்தில் சிதையும் நச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியேறிய பிறகும் கிருமியின் லிப்போபாலிசாக்கரைடோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால், வெளியே வரும் நச்சின் பெரும்பகுதி குமிழ்களோடு சேர்ந்தே கிடைக்கிறது. குமிழின் மேல் ஒட்டியிருக்கும் அதே நச்சு, குடல் செல்லின் மேலுள்ள ஜி.எம்.1 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, குமிழ் முழுவதையும் செல்லுக்குள் இழுத்துச் செல்கிறது. பூட்டைத் திறக்கும் சாவியே மூட்டையின் முடிச்சாகவும் இருக்கிறது.

சூடோமோனாஸ் நுரையீரலில் செய்வது இன்னும் நுட்பமானது. அதன் குமிழ்களில் சிஃப் என்றொரு புரதம் இருக்கிறது. மூச்சுக்குழல் செல்லின் மேற்பரப்பில் குளோரைடை வெளியேற்றிச் சளியை இளக்கமாக வைத்திருக்கும் சி.எஃப்.டி.ஆர். என்னும் வாயிற்புரதம் வழக்கமாக உள்ளே போய் மீண்டும் மேலே வந்துகொண்டிருக்கும். சிஃப் நுழைந்த செல்லில் அது திரும்பி வராமல், செல்லின் கழிவைச் சிதைக்கும் அறையான லைசோசோமுக்குப் போய் அழிகிறது. சளி கெட்டிப்படுகிறது, கிருமியை மேல்நோக்கித் தள்ளும் மயிரிழைகள் அதில் புதைந்து நிற்கின்றன. தூய்மைப்படுத்திய சிஃப்பைத் தனியாக ஊற்றினால் இதே விளைவுக்கு மிகப் பெரிய அளவு தேவைப்படுகிறது. குமிழில் வந்தால் அதில் மிகச் சிறு பங்கே போதும். செல்லைக் கொல்லாமலேயே இடத்தைத் தனக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளும் வேலை இது.

உங்கள் குழிகளில் செல்கள் ஊதியதற்கு வருகிறேன். தனித்து மிதக்கும் லிப்போபாலிசாக்கரைடு செல்லின் வெளியே உள்ள டி.எல்.ஆர்.4 ஏற்பியைத் தொட்டால் டி.என்.எஃப். சுரக்கும், ஆனால் அது மட்டும் செல்லைப் பொதுவாக வெடிக்கச் செய்வதில்லை. வெடிக்க வேண்டுமானால் லிப்போபாலிசாக்கரைடு செல்லின் உட்திரவத்துக்குள் போக வேண்டும். அது எப்படி உள்ளே போகிறது என்ற புதிருக்கு, 2016-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் விஜய் ரத்தினம் குழுவினர், ஈ. கோலையின் நுண்குமிழ்களே அதைச் சுமந்து சென்று உள்ளே இறக்குகின்றன என்று விடை சொன்னார்கள். உள்ளே இறங்கியதை எலியில் காஸ்பேஸ்-11 நொதியும், மனிதரில் காஸ்பேஸ்-4, 5 நொதிகளும் உணர்ந்து, காஸ்டெர்மின் டி என்னும் புரதத்தை வெட்டுகின்றன. வெட்டுண்ட துண்டுகள் செல்லின் சவ்வில் துளைகளிடுகின்றன. நீர் புகுந்து செல் ஊதி வெடிக்கிறது. நீங்கள் கண்ட இரண்டு அறிகுறிகளும் இரண்டு வெவ்வேறு வாசல்களில் நடந்தவை என்பது என் கணிப்பு.

மூன்றாவது கேள்வியை, நோயாளிகளைப் பார்க்கும் ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

வார்டுமருத்துவர்:

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேரடியான சான்று, மூளையுறையையும் இரத்தத்தையும் தாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் நோய். குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய காலத்தில் ஒரு சில நோயாளிகளையே பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்களில் எவரையும் மறக்க முடியவில்லை. காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது, பிற்பகலில் காலில் கடுகு அளவு செம்புள்ளிகளாகிறது. கண்ணாடிக் குவளையை அதன் மேல் அழுத்திப் பார்த்தால் புள்ளி மறைவதில்லை, ஏனெனில் அது தோலின் சிவப்பன்று, நாளத்தைவிட்டுக் கசிந்த இரத்தம். இரவுக்குள் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி உள்ளங்கையகலத்துக்குக் கருநீலத் திட்டுகளாகிவிடும்; இரத்த அழுத்தம் சரியும்; விரல் நுனிகள் கருக்கும்; சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குள்ளேயே இரத்தம் கொட்டிவிடும்.

இத்தனைக்கும் இந்தக் கிருமி ஏறத்தாழ பத்தில் ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு தொந்தரவும் தராமல் குடியிருப்பது. இரத்தத்துக்குள் வந்துவிட்ட பிறகு இவ்வளவு வேகம் ஏன் என்பதற்கான விடையின் பெரும்பகுதி குமிழ்களில் இருக்கிறது. மற்றக் கிருமிகளோடு ஒப்பிட்டால் மெனிங்கோகாக்கஸ் மிகத் தாராளமாகக் குமிழ் உதிர்ப்பது. வளர்ந்து பெருகும் நிலையிலேயே, அதாவது சாகாமலேயே, அது எண்டோடாக்சினைக் குமிழ்களாக வெளியிடுகிறது என்பதை டீவோ, கில்கிறிஸ்ட் இருவரும் 1973-இல் எழுதினார்கள். நார்வேயில் பிரான்ட்சேக் குழுவினர் நோயாளிகளின் பிளாஸ்மாவில் எண்டோடாக்சினை அளந்து, லிட்டருக்கு 700 நானோகிராமைத் தாண்டியவர்களுக்கே கடும் அதிர்ச்சியும், பல உறுப்புகளின் செயலிழப்பும், மரணமும் பெரிதும் நேர்ந்தன என்று 1989-இல் காட்டினார்கள். அந்த எண்டோடாக்சின் இரத்தத்தில் சவ்வு சூழ்ந்த குமிழ்களாகவே சுற்றியது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரியவந்தது. 2002-இல் நாமார்க், பிரான்ட்சேக் இருவரும் உயிரிழந்த நோயாளி ஒருவரின் பிளாஸ்மாவிலிருந்தே எடுத்த எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை வெளியிட்டார்கள். அதில் கிருமியின் மேலுறையிலிருந்து குமிழ்கள் புடைத்துப் பிரிவது தெரிகிறது. ஆய்வகக் குழாயில் அல்ல, மனித இரத்தத்தில்.

குமிழ்கள் நாளங்களுக்குள் செய்வதும் இந்தப் படத்தோடு பொருந்துகிறது. அவை மோனோசைட் என்னும் வெள்ளணுக்களைத் தூண்ட, அவற்றின் மேற்பரப்பில் இரத்தம் உறையத் தொடங்குவதற்கான திசுக் காரணி தோன்றுகிறது. சிறு நாளங்கள் முழுவதும் ஒரே நேரத்தில் உறைகட்டிகள் உண்டாகின்றன. தட்டணுக்களும் உறைபொருள்களும் அதில் தீர்ந்துபோவதால், மறுபக்கம் இரத்தம் கசியத் தொடங்குகிறது. உறைதலும் கசிதலும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நடப்பதைக் கண்டு பயிற்சி மருத்துவர்கள் குழம்புவது இங்கேதான்.

இதைப் படித்துவிட்டு, "ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை உடைத்தால் மேலும் குமிழும் நச்சும் கொட்டுமே, அப்படியானால் தாமதிக்கலாமா?" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். சில மருந்துகள் குழாயில் குமிழ் உதிர்வதைக் கூட்டுவது உண்மை. ஜென்டமைசின் சூடோமோனாஸில் அவ்வாறு செய்வது 1990களிலேயே பதிவானது. ஆனால் நார்வே நோயாளிகளில் சிகிச்சை தொடங்கியதும் பிளாஸ்மாவின் எண்டோடாக்சின் ஏறவில்லை, மணிக்கு மணி இறங்கியது. உயிரோடு பெருகும் கிருமிதான் குமிழ்களின் தொழிற்சாலை. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. சந்தேகம் வந்த அந்த நிமிடமே ஊசி போட வேண்டிய நோய் இது.

சந்தேகி:

மேலே இருவரும் எழுதியவற்றோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் இந்தத் துறையில் வெளிவரும் கட்டுரைகளை மதிப்பிட்டுப் பழகியவன் என்ற முறையில் சிறிது தண்ணீர் தெளிக்க விரும்புகிறேன்.

குமிழ்களே இல்லாத கிருமியை இதுவரை யாரும் உருவாக்கிக் காட்டியதில்லை. ஒரு நச்சின் பங்கை அறிய அதன் மரபணுவை நீக்கிவிட்டு, நோய் குறைகிறதா என்று பார்ப்போம். குமிழுக்கு அப்படி ஒற்றை மரபணு கிடையாது. கூடுதலாகவோ குறைவாகவோ உதிர்க்கும் திரிபுகளைத்தான் பெற முடிகிறது. அவற்றிலும் மேலுறையே மாறியிருப்பதால், நோய் குறைந்தது குமிழ் குறைந்ததாலா, உறை பலவீனப்பட்டதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். ரத்தினம் குழுவினரின் ஆய்வு எனக்கு நம்பகமாகத் தோன்றுவதற்குக் காரணம், அவர்கள் குறைவாக உதிர்க்கும் திரிபையும் தூய்மைப்படுத்திய குமிழ்களையும் சேர்த்தே பயன்படுத்தி, ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்டினார்கள் என்பதுதான்.

அளவு இன்னொரு தொல்லை. பல ஆய்வுகளில் லிட்டர் கணக்கில் வளர்த்த கிருமியின் குமிழ்களை ஒரு துளியாகச் சுருக்கி, எலியின் வயிற்றறையில் ஒரே முறையில் செலுத்துகிறார்கள். லிப்போபாலிசாக்கரைடு பூசிய எந்தத் துகளை அவ்வளவு செலுத்தினாலும் எலி நோய்ப்படும். போதாக்குறைக்கு, வேகமாகச் சுழற்றி அடியில் படியவைக்கும் வண்டலில் குமிழ்கள் மட்டுமா இருக்கின்றன? கிருமி நீந்தப் பயன்படுத்தும் ஃபிளஜெல்லா என்னும் வால்களின் முறிந்த துண்டுகள், பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள், புரதத் திரள்கள் எல்லாமே அங்கே கூடியிருக்கும். வண்டல் முழுவதையும் குமிழ் என்று பெயரிட்டு எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு.

ஈறுநோயில் பங்கெடுக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குமிழ்களில் ஜிஞ்ஜிபெயின் என்னும் புரதம் சிதைக்கும் நொதிகள் தேர்ந்தெடுத்து அடைக்கப்படுகின்றன. ஈற்றுத் திசுவைச் சிதைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன். அதிலிருந்து ஒரே தாவலில் மூளைக்குப் போய், மறதிநோய்க்கும் அதே குமிழ்தான் காரணம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லாக் குமிழும் தீங்கானதும் அன்று. நம் பெருங்குடலில் வாழும் பாக்டீராய்டஸ் ஃபிராஜிலிஸ் தன் குமிழ்களில் வைத்தனுப்பும் ஒரு சர்க்கரைப் பொருள் எலிகளில் குடல் அழற்சியைத் தணிக்கிறது. அதன் உறவினமான பாக்டீராய்டஸ் தீட்டாயோட்டாமைக்ரானின் குமிழ்களோ, நோய்க்கு ஆட்படும் மரபுடைய எலிகளில் அதே அழற்சியைத் தூண்டுகின்றன. உறை ஒன்றுதான், உள்ளே போட்டிருக்கும் கடிதம்தான் வேறு.

எதிர்மாறாக, போதிய கவனம் பெறாததாக நான் கருதும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குமிழ் நோய்க்கு உதவ வேண்டுமானால் நச்சைச் சுமந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தொண்டையிலும் காதிலும் குடியேறும் மொராக்செல்லா கட்டாராலிஸின் குமிழ்கள் பீட்டாலாக்டமேஸ் நொதியைச் சுமக்கின்றன. அமாக்சிசிலின் அருகில் வந்தால் அந்த நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. இதனால் பக்கத்தில் இருக்கும் நிமோகாக்கஸ் என்னும் வேறொரு பாக்டீரியா, தனக்கு எந்த எதிர்ப்புத் திறனும் இல்லாதபோதும், மருந்தில் பிழைத்துக்கொள்வதை 2011-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே கிருமியின் குமிழ்கள் கிருமிகளைக் கொல்லும் காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களைத் தம்மேல் ஒட்டவைத்துச் செலவழித்துவிடுவதால், அருகிலுள்ள ஹீமோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவும் தப்பிக்கிறது. தட்டில் வளர்த்துப் பார்த்தால் மருந்துக்கு அடங்கும் கிருமி, நோயாளியின் தொண்டையில் அடங்காமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

குறிஞ்சிமலர் அவர்களே, உங்கள் சோதனைக்கு ஒரு பரிந்துரை. வடிநீரை அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் சுமார் 1,50,000 ஜி விசையில் சுழற்றுங்கள். வண்டலையும் மேல்நீரையும் தனித்தனியே, ஒரே மூல அளவுக்கு ஈடாகக் கணக்கிட்டு, செல்களில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் பாலிமிக்சின் பி என்னும் ஆன்டிபயாடிக் சேர்த்தது, சேர்க்காதது என இரு குழி வையுங்கள். அது திறந்து கிடக்கும் லிப்போபாலிசாக்கரைடைக் கட்டிப்போடும். கிருமியே இல்லாத வெறும் ஊடகத்தையும் இதே வழியில் வடிகட்டிச் சுழற்றி ஒப்பீட்டுக்கு வைக்க மறவாதீர்கள். ஊடகத் தூளிலேயே எண்டோடாக்சின் இருப்பது வழக்கம்.

குறிஞ்சிமலர்:

மூவருக்கும் நன்றி. அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் எங்கள் துறையில் இல்லை. பக்கத்துத் துறையில் கேட்டிருக்கிறேன், நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குள் மேலும் இரண்டு ஐயங்கள். வெளிச்சவ்வே இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு இந்தக் கதை பொருந்தாதுதானே? மெனிங்கோகாக்கஸ் குமிழ் இவ்வளவு கொடியது என்றால், அதையே தடுப்பூசியாகப் போடுகிறார்கள் என்று படித்தேனே, அது எப்படிச் சாத்தியம்?

பெட்ரிதட்டு:

முதல் ஐயம் நியாயமானது. நெடுங்காலம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தடித்த சுவரைத் தாண்டிச் சவ்வுக் குமிழ் எப்படி வெளியே வரும் என்ற கேள்வியே ஆய்வைத் தடுத்துவிட்டது. ஆனால் 2009-இல் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும், 2010-இல் ஆந்த்ராக்ஸ் கிருமியும், 2011-இல் காசநோய்க் கிருமியும் குமிழ் உதிர்ப்பது வெளிவந்தது. அவை உள்சவ்விலிருந்து பிறப்பவை. சுவரை நொதிகள் அரித்து வழி செய்வது ஒரு வகை. ஸ்டஃபைலோகாக்கஸ் குமிழ்களில் செல்லில் துளையிடும் ஆல்ஃபா நச்சு இருக்கிறது. லிப்போபாலிசாக்கரைடு இல்லாததால் உங்கள் மேக்ரோஃபேஜ்கள் அவற்றை டி.எல்.ஆர்.4 வழியாக அறியாது, லிப்போபுரதங்களை உணரும் டி.எல்.ஆர்.2 வழியாக அறியும்.

தடுப்பூசிக்கு வருவோம். மெனிங்கோகாக்கஸின் பிற வகைகளுக்கு அவற்றின் சர்க்கரை உறையையே தடுப்பூசியாக்கிவிட்டார்கள். பி வகையில் அது முடியவில்லை. அதன் உறையிலுள்ள சர்க்கரை, வளரும் குழந்தையின் நரம்புச் செல்களின் மேலுள்ள சர்க்கரையின் அச்சாக இருப்பதால், உடல் அதைத் தன்னுடையதென்றே கருதிவிடுகிறது. எனவே உறையை விட்டுவிட்டு, வெளிச்சவ்வின் புரதங்களைக் காட்டித்தர வேண்டியிருந்தது. அதற்குக் குமிழைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது, ஏனெனில் புரதங்கள் கிருமியின் மேல் எப்படி நிற்கின்றனவோ அப்படியே அதில் நிற்கின்றன. டிஆக்ஸிகோலேட் என்னும் பித்த உப்பால் கழுவினால் லிப்போபாலிசாக்கரைடின் பெரும்பகுதி நீங்கிவிடும். கொஞ்சம் எஞ்சுவது நோயெதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாக வேலை செய்யும். கொடியதாக்கிய அதே பொருள், அளவு குறைந்ததும் உதவிக்கு வருகிறது.

கியூபாவும் நார்வேயும் 1980களில் இந்த வழியில் இறங்கின. நியூசிலாந்தில் 1991 முதல் நீண்டுகொண்டிருந்த பி வகைக் கொள்ளைநோய்க்கு எதிராக, அங்கே பரவிய அதே கிருமியின் குமிழைக் கொண்டு செய்த தடுப்பூசியை 2004 முதல் போட்டார்கள். இத்தகைய ஊசியின் குறை, குமிழில் மேலோங்கி நிற்கும் போரின்-ஏ என்னும் புரதம் கிருமிக்குக் கிருமி மாறுவதால், ஓர் ஊர்க் கிருமிக்குச் செய்த ஊசி மற்றோர் ஊரில் அவ்வளவாகப் பயன்படாது என்பது. அதை ஈடுகட்ட, நியூசிலாந்துக் குமிழோடு மூன்று தனிப் புரதக் கூறுகளைச் சேர்த்து உருவாக்கிய பெக்செரோ என்னும் தடுப்பூசிக்கு 2013-இல் ஐரோப்பா அனுமதி அளித்தது.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு திருப்பமும் நடந்தது. நியூசிலாந்தில் அந்தக் குமிழ் ஊசி போட்டுக்கொண்டவர்கள் வளர்ந்து இளைஞரானபோது, போடாதவர்களைவிட அவர்களிடம் பாலுறவால் தொற்றும் கொனோரியா நோய் குறைவாக இருந்தது; அந்தப் பாதுகாப்பை 31 விழுக்காடு என்று 2017-இல் மதிப்பிட்டார்கள். இரண்டு கிருமிகளும் நைசீரியா என்னும் ஒரே பேரினம். வெளிச்சவ்வுப் புரதங்களில் பல இரண்டுக்கும் பொது. தனியாகக் கொனோரியாவுக்கென்று ஊசி செய்யும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்த நிலையில், இங்கிலாந்து 2025 ஆகஸ்டில் பெக்செரோவையே தொற்று வாய்ப்பு மிகுந்தோருக்குக் கொனோரியாவைத் தடுக்கப் போடத் தொடங்கியது. 31 என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த நோய்க்குப் போடும் மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்துவரும் நேரத்தில் அதை நான் சிறியதாகப் பார்க்க மாட்டேன்.

குறிஞ்சிமலர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 1,50,000 ஜி விசையில் மூன்று மணி நேரம் சுழற்றினேன். குழாயை எடுத்துப் பார்த்தபோது முதலில் ஒன்றுமே இல்லை என்று நினைத்து ஊற்றிவிடப் போனேன். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்த பிறகே, அடியின் ஓரத்தில் தேன் துளி காய்ந்து ஒட்டியது போலப் பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு சிறு படலம் இருப்பது தெரிந்தது.

மேல்நீரிலும் டி.என்.எஃப். சிறிதளவு வந்தது, ஆனால் செல்கள் ஊதவில்லை. பாலிமிக்சின் சேர்த்ததும் அந்தச் சிறிதளவும் வெறும் ஊடகத்தின் நிலைக்கு இறங்கிவிட்டது. வண்டல் சேர்த்த குழிகளில் டி.என்.எஃப். மிகுதி, செல்களும் ஊதி மிதந்தன. பாலிமிக்சின் சேர்த்தும் ஊதுவது நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்தது மட்டுமே. பேராசிரியரிடம் காட்டினேன். தட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "காஸ்பேஸ்-11 இல்லாத செல்கள் யாரிடம் கிடைக்கும் என்று விசாரி" என்றார்.

சந்தேகி:

நல்ல முடிவு. ஆனால் அந்தப் பழுப்புப் படலத்தில் ஃபிளஜெல்லாவும் இருக்கும். செல்லுக்குள் புகுந்த ஃபிளஜெல்லினும், அதாவது ஃபிளஜெல்லாவின் புரதமும், செல்லை ஊதி வெடிக்க வைக்கும். செல்களை விசாரிக்கும் முன், வண்டலை அயோடிக்சனால் என்னும் அடர்ந்த நீர்மத்தில் சுழற்றி அடர்த்தி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே சேர்த்துப் பாருங்கள்.